ஏணியின் விலை

இதுவரை நாற்பத்து மூன்று பேரைக் கொன்றிருக்கிறேன்.
ஒன்பது பேர் விஷத்தில். ஒருவர் பியானோக் கம்பியில்.
ஒருவர் மட்டும், பதிப்பாளர் திருமாறனுக்கு
இன்றுவரை மனசு ஒப்பாத விதத்தில்,
ஊறுகாய் ஜாடியால்.
எல்லாச் சாவுக்கும் காரணம் உண்டு.
காரணமில்லாமல் ஒருவரைச் சாகவிட்டால்
வாசகர்கள் கடிதம் போட்டுவிடுவார்கள்.

நாற்பத்து நான்காவது ஆள்
இருபத்திரண்டாம் அத்தியாயத்தின் வாசலில்
செருப்பைக் கழற்றியபடி நிற்கிறார்.
அவரை உள்ளே கூப்பிடாமல்
ஷ்ரூஸ்பரி ஆவணக் காப்பகத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.
பென்சிலுக்கு மட்டுமே அனுமதி.
பேனாவை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள்,
என்னைத் தெரிந்தவர்கள்போல.

மரண விசாரணைத் தாள்கள்.
1787, அறுவடை மாதம்.
தாமஸ் கிட்டின்ஸ், கூலியாள், வண்டியில் ஏறும்போது வழுக்கினார்.
பன்னிரண்டு பேர் கூடிப் பேசி எழுதிய முடிவு:
கொன்றது சக்கரம்.
மதிப்பு, இரண்டு ஷில்லிங்.

மறுபடி படித்தேன்.
வண்டிக்காரன் இல்லை. வண்டியின் சொந்தக்காரன் இல்லை.
சக்கரம்.

இருந்திருக்கிறது அப்படியொரு சட்டம் இந்த நாட்டில்.
ஆளைக் கொன்ற பொருள், அல்லது அதன் விலை, மன்னருக்குச் சேரும்.
லத்தீனில் அதற்கு வைத்த பெயரின் அர்த்தம்
கடவுளுக்குக் கொடுக்க வேண்டியது.
ஓடுகிற வண்டி என்றால் வண்டியும் குதிரையும்;
நிற்கிற வண்டியில் வழுக்கினால் சக்கரம் மட்டும்.
கொதித்த அண்டா, முட்டிய மாடு,
எல்லாமே கூண்டேறாத குற்றவாளிகள்.
பிறகு ரயில் வந்தது.
ஓர் எஞ்சினுக்கு ஆயிரம் பவுண்டு என்று ஜூரிகள் சொல்லத் தொடங்கியதும்
கம்பெனிகளுக்குக் கடவுளோடு கணக்கு ஒத்துவரவில்லை.
1846-இல் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள்.

சிரித்துவிட்டேன், கொஞ்சம் சத்தமாக.
காப்பாளர் ரோவன் நிமிர்ந்து பார்த்தார்.

கன்றின் மேல் தேர் ஏறியபோது
நம் அரசன் தேடியது தேரோட்டிய மகனை.
மணியடித்த பசுவுக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது.
சாவு என்றால் பின்னால் ஒரு கை இருக்க வேண்டும்.
அந்தக் கையை வைத்துத்தான் முப்பது வருடமாக
என் வீட்டு வாடகை போகிறது.
தேரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.
அன்று சாயங்காலம் அது கொட்டகைக்குத் திரும்பியிருக்கும்.
யாரோ சக்கரத்தைக் கழுவியிருப்பார்கள்.

எங்கள் ஏணி அலுமினியம். பதினான்கு படி.
மூன்று நவம்பருக்கு முன்
கூரைத் தூம்பில் அடைத்த இலைகளை அள்ள
சத்தியதாஸ் ஏறினார்.
‘கொஞ்சம் வந்து பிடிக்கிறாயா?’
வருகிறேன் என்றேன்.
உள்ளே ஒரு கொலைக்கு நேரம் குறித்துக்கொண்டிருந்தேன்,
ஒன்பது நாற்பதா, ஒன்பது ஐம்பதா என்று.

போலீஸ்காரப் பெண் இரண்டே கேள்வி கேட்டாள்.
என் கதையில் அவளுக்கு வேலை போயிருக்கும்.
விபத்து என்று மூடினார்கள்.
நான் மூடவில்லை.
ஈரம், காற்று, அவருடைய தேய்ந்த செருப்பு,
எல்லோரையும் கூடத்தில் வரிசையாக உட்காரவைத்து
கடைசிப் பக்கத்துக்கு வருவேன்.
நீட்டிய விரல் ஒவ்வொரு தடவையும்
என் பக்கமே மடங்கும்.

ஏணி பாட்டுக்கு ஷெட்டில் கிடந்தது.
பக்கத்து வீட்டு கிளெனிஸ் பியூ கேட்டாள், கொடுத்தேன்.
டாம்சன் பழம் பறித்துவிட்டு
ஒரு ஜாடி ஜாமோடு கொண்டுவந்து சாத்தினாள்.
நல்ல ஏணி என்றாள்.

நாலரைக்குக் காப்பகம் மூடும்.
நோட்டில் பென்சிலால் எழுதுகிறேன்:
ஏணி, ஒன்று. நின்றுகொண்டிருந்தது. மதிப்பு

அறுபது பவுண்டு சொன்னான் கடைக்காரன்.
இவர் நின்று பேசி ஐம்பத்தைந்துக்கு முடித்து
ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.
அந்த ஐந்து பவுண்டை
எந்தப் பக்கம் எழுதுவது?

ரோவன் சாவிக்கொத்தை எடுத்துவிட்டார்.